பேசினில் கலங்கிய தண்ணீர்

தொண்ணூறுகளில், இலங்கை மலையகத்து மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த காலம். பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைந்து குருவானவர் செய்யும் பாதங்கழுவும் சடங்குக்கு, எங்கள் கோயில் பாதர் தெரிந்தெடுத்த பன்னிருவரில் நானும் ஒருவன். எல்லோரும் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுக் கால் தேய்த்துக்கொண்டு வந்திருந்தோம். அது அங்கே வழக்கம்.

கடைசியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிவிட்டு நேரே வந்திருந்தார். முன்பல் இல்லாத ஒல்லியான மனிதர். காலெல்லாம் சேறு, அட்டை கடித்த இரத்தம். பாதர் மனங்கோணுவாரே என்று எனக்குப் பதைத்தது.

"குழாயடியில கழுவிப்போட்டு வாங்கோவன்" என்றேன்.

"நானே கழுவிட்டா பாதருக்கு என்னாங்க சேர் வேலை?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

பாதர் முழந்தாளிட்டு என் பாதங்களைக் கழுவியபோது, காலுக்குக் கீழே வைத்த பேசின் பாத்திரத்தில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பக்கத்திலிருந்தவருடைய பாதங்களைக் கழுவியதும் செம்மண் நிறமானது. உள்ளங்காலில் கூச்சம் தாங்காமல் அவர் நெளிந்து சிரிக்க, பாதரும் சிரித்தார்; கோயிலே சிரித்தது.

"எம்புட்டு அழுக்கு போயிருச்சு பாத்தீங்களா சேர்!" என்று பரிசு கிடைத்தவர்போலப் பேசினைக் காட்டினார்.

பிறகு அவரை நான் சந்திக்கவே இல்லை. ஆனால் அவர் புண்ணியத்தில், பெரிய வியாழனன்று இப்போதெல்லாம் நடந்துவந்த புழுதிக் காலோடுதான் கோயிலுக்குள் போகிறேன்.