மார்க்கர் அடித்த நூறு

மணவாள நகரில் செல்போன் கடைக்கு மேலே புதிதாக ஒரு ஸ்நூக்கர் கூடம் திறந்திருக்கிறார்கள். போன வாரம் பேரனைத் தேடிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினேன். என் முழங்கால் புராணம் உங்களுக்கு எதற்கு, ஏறிவிட்டேன். கதவைத் திறந்ததும் ஏசிக் காற்றோடு ஒரு வாசனை வந்தது. குச்சியின் நுனியில் தேய்க்கும் நீலச் சாக்குக் கட்டியும் பச்சைக் கம்பளித் துணியும் கலந்த வாசனை. அதை முகர்ந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே அரைக்கால் சட்டை போட்ட நாலு பேர், பந்தை அடிப்பதைவிட அடிப்பதைப் படம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். யார் எத்தனை என்பதைச் சுவரில் ஒரு மின்சாரப் பலகை காட்டிக்கொண்டிருந்தது.

"தாத்தா, நீங்க ஆடறீங்களா?" என்றான் ஒருவன்.

"ஆடத் தெரியாதுப்பா. எண்ணத்தான் தெரியும்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டான். உங்களுக்காவது சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் திருவள்ளூரில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி ஜெகநாத முதலியார். நெல் கிடங்குக்கு மேலே மாடியில் அவர் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை போட்டிருந்தார். ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய ஒரு துரையின் பங்களாவில் ஏலத்துக்கு வந்தது அது. பன்னிரண்டு அடி நீளம், துணிக்கு அடியில் ஐந்து சிலேட்டுக் கல் பலகைகள். சுதந்திரம் வாங்கிய கையோடு துரையின் பொழுதுபோக்கையும் ஏலத்தில் வாங்கிக்கொண்டோம். வாசலில் 'ஜென்டில்மென் கிளப்' என்று எழுதி மாட்டியதும் நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பது அந்த ஆலையில் என் ஒரே பெருமை. பிற்பாடு அதுவே அவமானமாகவும் ஆனது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. மூன்றே பந்து. இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. ஆளுக்கொரு வெள்ளை. பந்தை மேஜை ஓரத்துப் பையில் விழ வைத்தாலோ, தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டாலோ இரண்டு, மூன்று என்று புள்ளி கிடைக்கும். புள்ளி எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கலாம். தவறினால் எதிராளியின் முறை. முதலில் நூறு எட்டியவன் ஜெயித்தான்.

முதலியார்தான் ஊர் சாம்பியன். சுவரில் ஒரு கறுப்புப் பலகை. வருஷத்துக்கு ஒரு வரி. எல்லா வரியிலும் அவர் பெயர். காரணம் லேசானது. அவரோடு ஆடியவர்கள் எல்லோரும் ஒன்று அவரிடம் சம்பளம் வாங்கினார்கள், இல்லை அவரிடம் வழக்கு வாங்கினார்கள். இரண்டாவது ரகம் வக்கீல் ஒருவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே ஆட்டத்தைத் தோற்பார். முதல் ரகத்தில் நான். தோற்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். சட்டென்று தோற்றால் முதலாளிக்கு ருசிக்காது. எண்பது வரை துரத்திக்கொண்டு வந்து, எளிதான பந்தைக் கோட்டை விட்டு, உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஆட்டம்தான் வராது, உதட்டை நன்றாகக் கடித்துக்கொள்வேன்.

ஆடாத நேரத்தில் இந்த ஜென்டில்மென்கள் பந்தயம் கட்டுவார்கள். எதன் மேல் என்றில்லை. அடுத்த பந்து விழுமா, மெயில் வண்டி தாமதமா, சுவர்ப் பல்லி அந்தப் பூச்சியைப் பிடிக்குமா. ஒரு தடவை பல்லி வக்கீலைக் கைவிட்டது. அதைக் குடையால் அடிக்கப் போனார் மனுஷன்.

இந்தக் கூட்டத்தில் ஆட்டம் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்கு ஆட அனுமதி கிடையாது. மரியதாஸ், மார்க்கர். மார்க்கர் என்றால் புள்ளிகளை உரக்கச் சொல்லி, விழுந்த பந்தை எடுத்து வைத்து, துணிக்கு இஸ்திரி போட்டு, மேஜை சாயாமல் ரசமட்டம் வைத்துப் பார்ப்பவர். மீஞ்சூர் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். சின்ன வயசிலேயே மெட்ராசில் துரைமார் கிளப்பில் சேர்ந்து, துரைகள் தூங்கப்போன மத்தியானங்களில் தனியாக அடித்து அடித்துக் கற்றுக்கொண்டவர். காக்கிச் சட்டை, வெள்ளை கேன்வாஸ் ஷூ. நாற்பது வயசிருக்கும். எனக்கு இருபத்திரண்டு. அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது 'அவர்' போடுகிறேன். மெத்தச் சுலபமான மரியாதை.

முதலியார் எளிதான பந்தைத் தவறவிட்டால், "ஹார்ட் லக், சார்!" என்பார் மரியதாஸ், துரைத்தனமான உச்சரிப்பில். அதில் எத்தனை கேலி இருந்தது என்று முதலியாருக்குக் கடைசிவரை தெரியவில்லை. பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கோபால் ராவ் என்று ஒருவர் வந்தார். பட்டு ஜிப்பா, வெற்றிலை வாய். "நமக்கு இன்னா தெரியும் நைனா? பெரியவங்க ஆடறத பாத்துக்கினு போலாம்னு வந்தேன்" என்று கும்பிட்டார். அன்றைக்கும் அடுத்த ஞாயிறும் எல்லோரிடமும் தோற்றார். நம் ஆட்கள் பூரித்துப்போய் அவருக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவர் தோற்ற விதத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அது என் தொழில் அல்லவா? வரவில்லை. மூன்றாவது ஞாயிறு ராவ் ஜிப்பாக் கையைச் சுருட்டிக்கொண்டார். சாயங்காலக் காப்பிக்குள் வக்கீலின் கடிகாரமும் முதலியாரின் வைர மோதிரமும் அவர் மடிக்குப் போய்விட்டன.

முதலியாருக்கு மீசை துடித்தது. "அடுத்த வாரம் வா. மேஜையவே வெக்கறேன். நீ ஜெயிச்சா தூக்கிக்கினு போ. தோத்தா எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும்."

ராவ் தாம்பூலத்தை மென்றபடி சரி என்றார்.

மேஜையைப் பணயம் வைத்தாயிற்று. யார் ஆடுவது? முதலியாருக்கே தன்னைப் பற்றிய உண்மை அந்த வாரம் கொஞ்சம் உறைத்திருந்தது. வக்கீல்தான் மெதுவாகச் சொன்னார், மரியதாசை ஆட விடலாம் என்று. உடனே ஒரு விவாதம் கிளம்பியது. அந்த ஆள் நமக்குச் சமமாகக் குச்சி பிடிப்பதா? அவர் கையால் எடுத்து வைத்த பந்தைத்தான் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தோம். பந்தில் ஒட்டாத தீட்டு குச்சியில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு மணி நேரம் படித்தவர்கள் பேசினார்கள். நான் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மரியதாசைக் கூப்பிட்டார்கள். துட்டு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார் முதலியார்.

"துட்டு வோணாங்க. ஜெயிச்சா அந்தப் பலகைல எம் பேர எழுதணும். அவ்ளோதான்."

"எழுதிட்டா போச்சு" என்றார் முதலியார். மரியதாஸ் என் பக்கம் திரும்பி, "சார், நீங்கதான எழுதுவீங்க?" என்றார். "நானேதான்" என்றேன்.

ஞாயிறு மத்தியானம் ஆட்டம் நடந்தது. ராவ் எண்பத்தொன்று வரை போய்விட்டார். மரியதாஸ் நாற்பதில் இருந்தார். முதலியார் மேஜையின் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார், பிரியாவிடை மாதிரி. பிறகு ராவ் ஒரு பந்தைத் தவறவிட்டார். மரியதாஸ் சாக்கைத் தேய்த்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. அறுபது புள்ளி, ஒரே தொடர்ச்சியாக. ஓங்கி ஓர் அடி கிடையாது. பந்துகள் அவர் சொன்ன இடத்துக்குப் போய் நின்றன.

ராவ் மோதிரத்தையும் கடிகாரத்தையும் மேஜை மேல் வைத்தார். மரியதாசிடம் போய் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்றார். அந்தக் கூடத்தில் அவரை யாரும் அண்ணா என்றது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் நான் பெயிண்ட் டப்பாவோடு முதலியாரிடம் போனேன். "எம் பேரயே எழுதுடா" என்றார்.

"மரியதாசுக்கு வாக்கு குடுத்தீங்களே?"

"ரேஸ்ல குதிர ஜெயிச்சா கோப்பைய குதிரைக்கா குடுக்கறான்? ஓனருக்குத்தான?"

வக்கீல் கடகடவென்று சிரித்தார். கடிகாரம் அவர் மணிக்கட்டுக்குத் திரும்பியிருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? எழுதினேன். அந்தப் பலகையிலேயே அழகாக அமைந்த வரி அது.

மறுநாள் காலையில் மரியதாஸ் துணியைத் துடைக்க வந்தவர் பலகையைப் பார்த்தார். "எழுத்து நல்லா கீது சார்" என்றார். ரசமட்டத்தை ஜன்னல் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் ராவோடு சேர்ந்துகொண்டார் என்று கேள்விப்பட்டோம். நெல்லூர், சூளூர்ப்பேட்டை, அரக்கோணம் என்று மேஜை இருக்கும் ஊருக்கெல்லாம் இருவரும் போய் ஆடினார்கள்.

எங்கள் மேஜை மூன்றே மாதத்தில் சாய்ந்தது. பந்தை எங்கே வைத்தாலும் வடகிழக்கு மூலைக்கு உருண்டது. ஜென்டில்மென்கள் அசரவில்லை, அந்த மூலைக்கு எந்தப் பந்து முதலில் போகும் என்று பந்தயம் கட்டினார்கள்.

இதற்குள் மரியதாசின் பெயர் சுற்று வட்டாரத்தில் பரவிவிட்டது. முதலியார் போகிற கல்யாணத்திலெல்லாம், "நம்ம கைல வளந்த ஆளு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு நாள் என்னையும் வக்கீலையும் காரில் ஏற்றிக்கொண்டு பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினார். அப்போது அங்கே தொழிற்சாலை எதுவும் கிடையாது. ஸ்டேஷன், சவுக்குத் தோப்பு, வயல். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பழவேற்காட்டு பாய் ஒருவர் மரக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு மேஜை. அங்கேதான் மரியதாஸ் ஆடிக்கொண்டிருந்தார். பாய் எல்லோருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார். முதலியார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

"மரியதாசு, உம்மேல பந்தயம் கட்டலாம்னு வந்தேன்டா" என்றார், பெரிய மனசோடு.

மரியதாஸ் குச்சியைத் துடைத்துக்கொண்டே, "எம்மேல இன்னாத்துக்குக் கட்டறீங்க? நீங்கதான் சாம்பியன், பலகைல போட்டுக்கீதே. வாங்க, ஆடலாம்" என்றார்.

கொட்டகையில் ராவ், பாய், எங்கள் மூன்று பேரோடு மரியதாஸ். மற்ற ஐந்து பேர் முன்னால் மறுக்க முதலியாரால் முடியவில்லை. மரியதாஸ் என்னிடம் திரும்பினார். "சார், நீங்க மார்க் பண்ணுங்க. சத்தமா சொல்லணும், அதான் முறை."

முதல் அடி முதலியாருக்கு. ஓங்கி அடித்தார். ஒன்றும் விழவில்லை. மரியதாஸ் குனிந்தார்.

"டூ" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். "ஃபைவ். எய்ட். டென்." முதலியார் தன் முறைக்காகக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பதில் குச்சியின் நுனிக்குச் சாக்குத் தேய்த்துக்கொண்டார். ஐம்பதில் மறுபடியும் தேய்த்துக்கொண்டார். அறுபதுக்கு மேல் அவர் என்னைப் பார்த்த பார்வையில், 'உனக்குச் சம்பளம் கொடுப்பவன் நான்' என்று தெளிவாக எழுதியிருந்தது. எனக்கு என்ன வந்ததோ, அங்கிருந்துதான் என் குரல் ஏறியது. எண்பதில் பாய் டீயைக் கீழே வைத்துவிட்டார். தொண்ணூறில் வெளியே மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நூறு என்று நான் கத்தியது ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

மரியதாஸ் குச்சியைச் சுவரில் சாய்த்தார். முதலியார் தன் குச்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் அதை வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் ஆலையில் முதலியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இன்னாத்துக்குடா அவ்ளோ சத்தமா எண்ணின?"

இங்கே நான் சுருக்கென்று ஏதோ பதில் சொன்னதாக எழுத ஆசைதான். "தொண்டை அப்படிங்க" என்றுதான் சொன்னேன். அன்றைக்கே வேலை போயிற்று. மீஞ்சூரில் ஒரு நெல் மண்டியில் சேர நாலு மாதம் ஆனது. வீட்டில் நல்ல பேஜாரு. ஆனாலும் வருத்தப்பட்டதாக ஞாபகமில்லை.

எல்லாம் போய்விட்டது. கிடங்கை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். முதலியாரின் பிள்ளைகள் ஆலையைச் சீட்டாட்டத்தில் கரைத்தார்கள். அப்பாவுக்குத் தப்பாத பிள்ளைகள். பாயின் மரக்கடை இருந்த இடத்தில் இன்று லாரிகள் நிற்கின்றன. சவுக்குத் தோப்பில் புகைபோக்கிகள் முளைத்தன. ராவ் எங்கே போனாரோ.

பல வருஷம் கழித்துக் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஒரு டீச்சரம்மா தெரிந்தவர்களுக்கு அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். தன் அப்பாவின் முதலாண்டு நினைவு ஜெபக் கூட்டத்துக்கு அழைப்பு. அட்டையில் மரியதாசின் படம். தலை நரைத்திருந்தது. பார்வை மட்டும் அப்படியே.

"அப்பா என்ன பண்ணினாரும்மா?" என்று கேட்டேன்.

"கம்பெனில மெஷின் உக்கார வெக்கும்போது லெவல் பாக்கறவரு சார். அவர் கண்ணு தப்பாதுன்னு சொல்லுவாங்க."

"ஆட்டம் கீட்டம் ஏதாவது..."

"எங்கப்பாவா?" அந்த அம்மா சிரித்துவிட்டார். "ஊட்ல ஒரு கேரம் போர்டு கூட வாங்க உட மாட்டாரு. பந்தயம்ன்ற பேச்சே ஆவாது. உங்களுக்கு எப்படி சார் அவர தெரியும்?"

"திருவள்ளூர்ல ஒரே எடத்துல வேல பாத்தோம்" என்றேன். தன் பிள்ளைக்கே சொல்லாமல் அவர் மூடி வைத்ததைத் திறக்க நான் யார்? மீஞ்சூர் வந்தது. டீச்சரம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அந்த நூறை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர்களில் இன்று மிச்சம் நான் ஒருவன்தான். அதிலும், ஆடத் தெரியாதவன்.