படபடப்புக்குக் காரணம்

என் வீட்டுக்காரருக்கு எப்போதாவது நெஞ்சு படபடக்கும். ராமநாதபுரத்து டாக்டர், ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் சின்ன மிஷினை அவர் நெஞ்சில் ஒட்டிவிட்டு, "வழக்கம்போல வேலையப் பாருங்க. படபடப்பு வந்தா, அப்ப என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க" என்று ஒரு தாளும் கொடுத்தார்.

எங்கள் ஊரான சிக்கலில், களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நான் அந்த மனுஷனை நாற்காலியைவிட்டு எழவே விடவில்லை. மத்தியானம் மேகம் திரண்டதும் மிஷினோடு எழுந்து ஓடினார். தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு மூலையிலும் கல்லைத் தூக்கி வைத்தார். பின்னாலேயே ஓடிய நான், "ஏங்க, படபடன்னு வருதா?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் வரலடி."

அவர் சொன்னால் நான் நம்பிவிடுவேனா? அதன்பிறகு மணிக்கொரு தரம் போய் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன்.

மறுநாள் டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். தாளைப் படித்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் நீட்டினார். மிளகாய் மூடியதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆறு முறை படபடப்பு என்று என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். ஆறுக்கும் எதிரே ஒரே காரணம்: "வீட்டுக்காரி நாடி பார்க்க வருகிறாள்."