கீழ்வரிசைக் கண்ணாடி

ஒன்பது வயதில் அவளுக்குப் பல்லி என்று பெயர். கலங்கரை விளக்கத்தின் சுற்றுப்படிகளில் கைப்பிடிக் கம்பியைத் தொடாமல், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஏறுவாள் என்பதால் அம்மா வைத்த பெயர். நூற்று முப்பத்திரண்டு படி. மூச்சு வாங்காமல் ஏறிவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பாள். வாய்க்கு மட்டும் குறைச்சலே கிடையாது. அம்மா போன பிறகு அந்த வாயும் பூட்டிக்கொண்டது.

வீடு என்பது கடலுக்கு நடுவே ஒரு பாறை. பாறைமேல் கோபுரம், அதன் காலடியில் இரண்டு அறை, ஓர் எண்ணெய்க் கிடங்கு. அவ்வளவுதான் ஊர். அப்பா விளக்குக்காரர். பொழுது சாயும்போது ஏற்ற வேண்டும், விடிந்ததும் அணைக்க வேண்டும். அது சின்ன வேலை. பெரிய வேலை பகலில்தான். விளக்கைச் சுற்றி ஆளுயரத்துக்கு நிற்கும் கண்ணாடிப் பட்டைகளை வரிசை வரிசையாக மான்தோலால் துடைக்க வேண்டும். வெறும் விரல் அதில் படவே கூடாது; பட்டால் வெளிச்சம் மங்கும் என்று சட்டப்புத்தகத்திலேயே எழுதியிருந்தது. மேல்வரிசைகள் அப்பாவுக்கு, நடுவரிசை அம்மாவுக்கு, தரையை ஒட்டிய கீழ்வரிசை பல்லிக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள்.

அம்மா கடைசியாக மேலே வந்த நாளில், திரியை வெட்டிவிட்டுத் திரும்பியவள் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாயாமலிருக்க எண்ணெய்க் கையைக் கீழ்வரிசையில் ஊன்றிவிட்டாள். பல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கப்பா பார்த்தா தொலைஞ்சேன்டி," என்று அம்மா சிரித்தாள். "அந்தத் தோலை எடு, சீக்கிரம்."

நான்கு விரல் தடத்தையும் அவளே துடைத்தாள். கட்டைவிரலுக்கு வருவதற்குள் தோல் கையிலிருந்து நழுவியது. "இது உன் பங்கு. நாளைக்குத் துடைச்சிடு," என்றாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஐந்தாம் நாள் அம்மா இல்லை.

பல்லி துடைக்கவில்லை. கீழ்வரிசை முழுவதையும் பளபளவென்று துடைப்பாள், அந்த ஓர் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள். தினமும் காலையில் அதன்மேல் மெல்ல மூச்சு விடுவாள். ஆவி படிந்ததும் ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். எப்போதோ கத்தி பட்டு ஆறிய தழும்புகூடக் குறுக்கே கோடாகத் தெரியும். ஒரு நொடி அம்மா வந்துவிட்டுப் போவாள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இதைச் சொல்லும்போது பல்லி காற்றில் ஒருமுறை ஊதிக் காட்டுவாள்.

அப்பாவின் மேல்தான் ஆறாத கோபம். அம்மா கண்ணை மூடிய அன்று சாயங்காலமே விளக்கேற்றப் போன மனிதர் அவர். அழுது அவள் பார்க்கவில்லை. அடுத்த வாரம் சாமான் இறக்க வந்த படகுக்காரர், "இனி எத்தனை பேருக்கு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "ரெண்டு பேருக்கு," என்று பட்டென்று சொல்லிவிட்டார். கொஞ்சமாவது திக்கியிருக்கலாம், மூணு என்று சொல்லிவிட்டுத் திருத்தியிருக்கலாம். மனுஷனுக்குக் கல்நெஞ்சு என்று பல்லி முடிவு கட்டிவிட்டாள்.

மூன்றாவது மாதம் படகுக்காரர் ஒரு சேதியோடு வந்தார்.

"பல்லி, நாளைக்குக் காலையில மேலதிகாரி வர்றாரு. வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு கண்ணாடியா தடவிப் பார்ப்பாராம். அப்பாகிட்ட சொல்லிடு."

"திடீர்னு எதுக்கு மாமா?"

"உங்கம்மா போன அன்னைக்கு விளக்கு கால்மணி நேரம் லேட்டு. ஒரு கப்பல்காரன் எழுதிப் போட்டுட்டான். பதிவேட்டுல ஒரு குறை ஏறியாச்சு. இன்னொண்ணு ஏறினா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

அந்த விரல் தடம் இருந்தால் அப்பாவுக்கு வேலை போகும், வீடும் போகும். இரண்டும் மிஞ்ச வேண்டுமானால் தடத்தைத் துடைத்தாக வேண்டும். அப்பாவிடம் சேதியைச் சொன்னாள், விரல் தடத்தைச் சொல்லவில்லை. கால்மணி நேரம் என்பதுதான் அவளுக்கு விளங்கவேயில்லை. அப்பா ஒரு நிமிஷம் பிந்தியதாகச் சரித்திரமே கிடையாது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக ஏறினாள். அன்றைக்கு மூச்சு வாங்கியது. மேலே விளக்கு அணைந்திருந்தது. அப்பா கீழ்வரிசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் மான்தோல். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியுமாப்பா?"

"முதல் நாளே தெரியும் கண்ணு. இவ்வளவு அழகா சுத்திச் சுத்தித் துடைச்சு வெச்சிருக்கியே, எனக்குக் கண்ணா அவிஞ்சு போச்சு?" மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "விளக்கை அணைச்சதும் நானும் தினம் இங்க வந்து ஊதிப் பார்த்துட்டுதான் கீழே இறங்குவேன்."

"அன்னைக்கு ஏன் லேட்டு?"

அப்பா மான்தோலை மடியில் வைத்து மடித்தார்.

"அம்மா கையைப் பிடிச்சுட்டு இருந்தேன். விட முடியல. அப்புறம், கடல்ல இருக்கிறவனுக்கும் வீட்டுல ஒருத்தி காத்துட்டு இருப்பாளேன்னு நினைச்சேன். எந்திரிச்சு வந்துட்டேன்."

மூன்று மாதமாக அடைத்துவைத்த அழுகை பல்லிக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அவர் மடியில் விழுந்து அழுதாள். கல்நெஞ்சு என்று நினைத்ததற்கும் சேர்த்து அழுதாள்.

"என்னால முடியலடா," என்றார் அப்பா. "விளக்கை அணைச்சதிலேர்ந்து இப்படியே உட்கார்ந்திருக்கேன்."

"குடுப்பா. என் பங்குன்னுதான் அம்மா சொன்னாங்க."

இருவரும் குனிந்து சேர்ந்து மூச்சு விட்டார்கள். கட்டைவிரல் தழும்போடு எழுந்து நின்றது. ஆவி மறையும்வரை பார்த்தார்கள். பிறகு பல்லி துடைத்தாள். எண்ணெய் காய்ந்து இறுகியிருந்ததால் ஒரே இழுப்பில் போகவில்லை. மூன்று தடவை அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது.

நூற்று முப்பத்திரண்டு படி ஏறி வந்த அதிகாரிக்குப் பேச்சு வரவே பத்து நிமிஷம் ஆனது. பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு பட்டையாகத் தடவினார். உறை வெள்ளையாகவே இருந்தது. அவருக்கு அதுவே ஏமாற்றம்போலும். முட்டி போட்டுக் கீழ்வரிசையையும் விடாமல் பார்த்தார்.

"மத்ததைவிட இது இன்னும் பளிச்சுனு இருக்கே. யார் துடைக்கிறது?"

"நாங்க மூணு பேரும்தான் ஐயா," என்றார் அப்பா. பட்டென்று சொன்னார்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். அதில் இந்தப் பாறைக்கு இரண்டு பேர் என்றுதான் இருந்தது. கேட்க வாயெடுத்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், வீங்கிய கண்ணோடு நின்ற சிறுமியைப் பார்த்தார். கேள்வியை விழுங்கிவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பல்லி அப்பாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலையில் திரி வெட்டிய எண்ணெய் அதில் இன்னும் பிசுபிசுத்தது.