படத்தில் இல்லாத ஊரில் பிறந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா ஜவ்வாது மலையில் ஈச்சங்கொல்லை என்னும் ஊரில் பிறந்தார். சாமையும் கேழ்வரகும் விதைத்து, புளியையும் கடுக்காயையும் தலைச்சுமையாக இறக்கி விற்று வாழ்ந்த பெற்றோருக்கு அவர் மூத்த மகள். நான் இளையவள். எங்களுக்கு இடையில் பிறந்த இருவர் தங்கவில்லை. பிறந்த ஊரைச் சொல்லித்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தொடங்குவார்கள். நானும் அப்படியே தொடங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ஊர்ப்பெயருக்காக அக்கா தம் வயதில் பாதியைச் செலவிட்டார். அந்தப் பெயர் ஒரு வரைபடத்தில் விடுபட்டுப் போனதால்தான் இறந்தும் போனார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இதில் கோபம் இருக்கும். நினைவு மலரில் கோபம் கூடாது என்று நினைப்பவர்கள் அடுத்த பக்கங்களில் உள்ள புகைப்படங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா அக்காவைக் கையைப் பிடித்து மலையிலிருந்து இறக்கி, கலசப்பாக்கத்தில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு வந்தார். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘மலைக்காரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு படித்தார். வேலூரில் கல்லூரி, பிறகு சென்னையில் மேற்படிப்பு. இரண்டிலும் புவியியல்தான். சென்னையில் படித்தபோது ஒரு நூலகத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட எங்கள் மலையின் வரைபடம் அவர் கண்ணில் பட்டது. அதில் ஈச்சங்கொல்லை இருந்தது. ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு இருந்தாலும் இருந்தது. வீடுகளுக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள், ஓடைக்கு ஒரு நீலக்கோடு, சந்தவாசலுக்கு இறங்கும் வழிக்குப் புள்ளிக்கோடு.

அதை மெல்லிய தாளில் பிரதியெடுத்துக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்கு வந்தார். வாசலில் விரித்துவைத்து அப்பாவைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் குந்தினேன்.

“இது நம்ம ஓடைப்பா. இது நாம சந்தைக்கு எறங்கற வழி. இந்தப் புள்ளியெல்லாம் நம்ம வூடுங்க.”

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குனிந்து வெகுநேரம் பார்த்தார். “வெள்ளைக்காரன் நம்ம வூட்ட இன்னாத்துக்கு எழுதி வெச்சான்? வரி போடவா?”

அக்கா சிரித்தார். “அதுக்குந்தாம்ப்பா. ஆனா வந்து பாத்துட்டு எழுதியிருக்கான்.”

எழுபதுகளின் கடைசியில் அக்காவுக்கு வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அதோடு ஆய்வுப் பட்டத்துக்கும் பதிவு செய்தார். எங்கள் மலைக்கு வெவ்வேறு காலங்களில் போட்ட படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எது மாறியது, எது மறைந்தது, எது புதிதாக வந்தது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆய்வு. அவர் கண்டதை விடுமுறைக்கு வரும்போது எனக்கும் விளக்குவார். பழைய படத்தில் காடு எதுவரை இருந்தது, அரசாங்கத்தின் புதிய படத்தில் எங்கே நின்றுவிட்டது என்று விரலால் காட்டுவார். எந்த ஓடை ஆண்டு முழுவதும் ஓடியதாகக் குறித்திருந்தார்கள், அது எப்போது வறண்ட கோடாக மாறியது என்று சொல்வார். அவருக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது பாதைகள். பழைய படத்தில் பாதைகள் ஊரிலிருந்து ஊருக்குப் போயின; அங்கிருந்து சந்தைக்கு இறங்கின. புதிய படத்தில் அகலமாகப் போட்டிருந்த சாலைகள் எல்லாம் கீழேயிருந்து ஏறி, சந்தனமும் மற்ற மரங்களும் இருந்த இடங்களுக்குப் போய் அங்கேயே முடிந்துவிட்டன. மரங்களை வெட்டி இறக்கிய பிறகு அந்தச் சாலைகளையும் யாரும் பார்க்கவில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் புதிய படத்தில் ஈச்சங்கொல்லையே இல்லை என்பது தெரிந்தது. மலைச்சரிவுக் கோடுகள் இருந்தன, பச்சை நிறம் இருந்தது, ஓடை இருந்தது. ஊர் இல்லை. எங்கள் ஊரைப் போல வேறு சில சிற்றூர்களும் இல்லை. ஏன் என்று அக்கா விசாரித்தார். விமானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தை வைத்துப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீடுகள் பலாமரங்களுக்கு அடியில் விலகி விலகி இருப்பவை. மேலேயிருந்து பார்த்தால் மரம்தான் தெரியும். நேரில் வந்து சரிபார்க்க வேண்டியவர்கள் மலை ஏறவில்லை. கீழேயே இருந்துகொண்டு சரி என்று எழுதிவிட்டார்கள்.

படத்தில் இல்லாவிட்டால் என்ன என்று அப்போது நானும் கேட்டேன். அதற்கான விடை சீக்கிரமே வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மலைக்குச் சாலை போடும் திட்டம் வந்தது. பக்கத்து ஊர் வரை போட்டு, அங்கேயே நிறுத்துவதாகத் திட்டம். அதற்கு அப்பால் ஊர் எதுவும் இல்லை என்று படம் சொன்னது.

அக்கா பழைய படத்தின் பிரதியையும் புதிய படத்தையும் எடுத்துக்கொண்டு சாலைத் திட்ட அலுவலகத்துக்குப் போனார். நான் அப்போது வேலூரில் செவிலிப் பயிற்சியில் இருந்தேன். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். அதிகாரி இரண்டு படங்களையும் பார்த்தார்.

“இது வெள்ளைக்காரன் காலத்துப் படம்மா. இப்ப இருக்கறதத்தான் நாங்க எடுத்துக்க முடியும்.”

“இப்பவும் ஊர் அங்கதான் சார் இருக்குது. புதுப்படத்துல விட்டுட்டாங்க.”

“காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க. மலைக்காரங்க ஒரே எடத்துல இருக்க மாட்டாங்களே.”

“நான் அந்த ஊர்ல பொறந்தவ சார். எங்க அப்பா அம்மா இன்னைக்கும் அங்கதான் இருக்குறாங்க.”

அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களப் பாத்தா மலைக்காரங்க மாதிரி தெரியலையேம்மா” என்றார். பாராட்டாக நினைத்துத்தான் சொன்னார்.

அக்கா நிதானமாகச் சொன்னார். “இங்கேருந்து பாத்தா எதுவுமே தெரியாதுங்க சார். வந்து பாத்தாதான் தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன், வர்றீங்களா?”

அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் அக்கா பலமுறை அந்த அலுவலகத்தின் படி ஏறினார். ஒருமுறைகூட யாரும் அவரோடு மலை ஏறவில்லை.

ஆய்வு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரும் கைவிட்டார். ஈச்சங்கொல்லையைப் பற்றி எழுதியிருந்த அத்தியாயத்தை நீக்கச் சொன்னார். “ஆய்வு வேற, மனு வேறம்மா. அரசாங்கப் படத்துல இல்லாத ஊர ஆய்வேட்டுல போட்டா யார் ஒத்துக்குவாங்க?” என்று கேட்டாராம். “படத்துல ஏன் இல்லேங்கறதுதான் சார் என் ஆய்வே” என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஆய்வேடு பேராசிரியர் மேசையிலேயே கிடந்தது. பட்டம் வரவில்லை. ஆனால் பழைய பாதைகளையும் மரம் இறக்கிய சாலைகளையும் பற்றி அக்கா கண்டுபிடித்ததைத் தம் கண்டுபிடிப்பாக ஒரு கருத்தரங்கில் அதே பேராசிரியர் பேசினார். அக்கா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு வந்தார். இந்த மலருக்காக அந்தப் பேராசிரியர் ஓர் இரங்கல் உரை அனுப்பியிருந்தார். அக்காவைத் தம் மகளைப் போன்றவர் என்று அதில் எழுதியிருந்தார். அதை நாங்கள் அச்சிடவில்லை.

உறவினர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ஊரு படத்துல இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? வயசாகுது, கண்ணாலத்தப் பாரு” என்று பெரியப்பா சொன்னார். பெரியப்பா இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஊரைப் படத்தில் சேர்த்துச் சாலை போடக் கோரும் மனுவில் கையெழுத்துக் கேட்டு அக்கா வந்தபோது, கீழே குடியேறிவிட்ட சொந்தக்காரர்கள், அலுவலகத்தில் பகை வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். காரியத்தன்று முதலில் வந்து உரக்க அழுதவர்கள் அவர்களில் சிலர். அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

யாரும் வராததால் அக்கா தாமே படம் போடத் தொடங்கினார். விடுமுறை விட்டால் மலை ஏறிவிடுவார். விடுபட்ட ஒவ்வோர் ஊருக்கும் நடந்து போய், வீடு வீடாகக் குறித்தார். ஒருமுறை நானும் கூடப் போனேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், “இன்னா தாயீ எழுதற?” என்று கேட்டார்.

“உங்க வூட்டப் படத்துல போடறேங்க.”

“எங்க கோழிக்கூண்டையும் போட்டுடு. கோழி இருக்கறது தெரிஞ்சாதான் ஆபீசருங்க வருவாங்க.”

அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கடைசியாகப் பார்த்தேன். அந்தக் கோழிக்கூண்டையும் குறித்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு வைகாசியில் அந்த வேலைக்காகவே ஈச்சங்கொல்லைக்கு வந்திருந்தார். விடியற்காலையில் அடிவயிற்றில் வலி. வெயிலில் சுற்றியதால் வந்த சூடு என்று நினைத்து அம்மா மோர் கொடுத்தார். மதியத்துக்குள் வாந்தியும் காய்ச்சலும் வந்துவிட்டன. ஊரில் நான்கு பேர் கம்பளியைக் கழியில் கட்டித் தூளியாக்கி, அதில் அவரைக் கிடத்தித் தூக்கினார்கள். முந்தின நாள் பெய்த கோடைமழையில் ஓடை பெருகி, கடக்கும் இடம் போய்விட்டது. சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். தூளி ஆடும்போதெல்லாம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாராம். சந்தவாசலுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே பேருந்தும் இல்லை. வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வந்திருந்த பாய் ஒருவர் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். தூளியைப் பார்த்ததும் ஏற்றுவதை நிறுத்தினார். “மூட்டை கெடக்கட்டும். தங்கச்சிய ஏத்துங்க” என்று சொல்லி, தாமே ஓட்டி வேலூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

நான் வேலை செய்யும் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அன்று பணியில் இருந்தவள் நான். குடல்வால் வெடித்து வயிறு முழுவதும் சீழ் பரவியிருந்தது. மருத்துவர்கள் அறுவை செய்தார்கள். தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். நான் செவிலி. குடல்வாலுக்காக யாரும் சாக வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் வலி வந்து மதியம் வந்து சேர்ந்தவர்கள், ஒரு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் ஊர் வரை சாலை இருந்திருந்தால் அக்காவும் அப்படித்தான் போயிருப்பார். விதி என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். விதி எந்த அலுவலகத்தில், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மயக்கம் தெளிந்ததும் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். “பாப்பா, தூக்கிட்டு வந்தவங்க சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டாங்கக்கா. நான்தான் வாங்கிக் குடுத்தேன்.”

தலையை அசைத்தார். மூன்றாம் நாள் நண்பகலில், என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு, அக்கா கையால் போட்ட படத்தை எடுத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலியில் புதிய அதிகாரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், படத்தைக் கவனமாகப் பார்த்தார்.

“ரொம்ப அழகாப் போட்டிருக்காங்கம்மா. ஆனா இதுல முத்திரை இல்லையே.”

“எங்க அக்கா சாவுக்கு முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க சார்” என்று சொல்லி, இறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தேன். “அத வேணா வெச்சுக்குங்க.”

அவர் தலை நிமிராமல் படத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். இத்தனை ஆண்டு இழுபட்ட அந்தச் சாலை வேலை இந்த மாசியில் தொடங்கியது. அடையாளக் கற்கள் பக்கத்து ஊரின் கடைசி வீடு வரை நட்டிருக்கிறார்கள். அதோடு நின்றுவிட்டன.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தூளி தூக்கிய நால்வருக்கும், ஓடையில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று வழி பார்த்துச் சொன்ன பெண்களுக்கும், புளி மூட்டையைத் தெருவில் விட்டுவிட்டு வந்த பாய்க்கும், அவர் வீட்டாருக்கும், மூன்று நாளும் கண் அயராமல் இருந்த மருத்துவர்களுக்கும், என்னோடு பணிபுரியும் தோழியருக்கும், வண்டி வைத்துக்கொண்டு வந்து அழுத அக்காவின் மாணவியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

முதலாண்டு நினைவைக் கலசப்பாக்கத்தில் ஒரு மண்டபம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று உறவினர் பலர் சொன்னார்கள். மலை ஏறுவது கஷ்டம், வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “அவ பொறந்த எடத்துலதான் வெப்பேன். வர்றவங்க வரட்டும்” என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்த மலரை வாங்கிய நீங்கள் ஒவ்வொருவரும், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஈச்சங்கொல்லை வரை நடந்து வந்துதான் வாங்கியிருக்கிறீர்கள். வராதவர்களுக்குத் தபாலில் அனுப்பப் போவதில்லை. உங்களுக்குக் கால் வலிக்கும், மூச்சு வாங்கும். நல்ல உடம்போடு ஏறி வந்தவர்கள் நீங்கள்.

பந்தியில் எல்லாரும் வயிறாரச் சாப்பிடுங்கள். பிறகு அக்கா போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, மனுவில் கையெழுத்துப் போடுங்கள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள். வழியில் யாருக்காவது முடியாமல் போனால் தூக்குவதற்கு எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது. வண்டி வராது.