நடுங்காத மூலக்கூறு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பொறுமை அவளிடம் மருந்துக்கும் கிடையாது. லிஃப்டுக்காக நிற்கக்கூட மாட்டாள், படியேறிப் போய்விடுவாள். பெரிய மூலக்கூறுகள் எப்படி அசையும் என்று கணினியில் கணக்குப் போடும் இடத்துக்கு இப்படி ஒருத்தி வந்து சேர்ந்ததே வேடிக்கைதான். லட்சக்கணக்கில் அணுக்கள், ஒன்றை ஒன்று இழுக்கும், தள்ளும். அடுத்த இமைப்பொழுதில் எது எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு, மறுபடி கணக்கிட்டு, ஒரு புரதம் மடங்கி முடிவதற்குள் பார்க்கிறவர் தலை நரைத்துவிடும்.

எக்ஸ்பிரஸுக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வோர் இமைப்பொழுதாக நகராமல் எட்டி எட்டித் தாவும் வழிமுறை ஒன்றை எழுதினாள். தாவும்போது சூடு ஏறி இறங்காமலிருக்க, அணுக்களின் வேகத்தை நிரலே அவ்வப்போது திருத்திக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓடிய வேலை நாட்களில் முடிந்தது. வரைபடத்தில் வெப்பநிலைக் கோடு அளவுகோல் வைத்து இழுத்தாற்போல நேராக வந்தது.

"இது கட்டுரையா வெளிவரட்டும், உங்க வேலையை நிரந்தரமாக்கிடலாம்," என்றார் இயக்குநர் அம்மா. வருடாவருடம் ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது.

மற்றவர்கள் வரைபடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இவள் மட்டும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, மூலக்கூறு அசைவதைப் படமாக ஓட்டிப் பார்ப்பாள். "மேட்னி ஷோ ஆரம்பிச்சாச்சுடோய்!" என்பார் பக்கத்து மேசைக்காரர். அன்றும் ஓட்டினாள். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

ஆட்கள் தூக்கிப்போகும் பீரோவைப் போல மூலக்கூறு திரையின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஓர் அணுவும் நடுங்கவில்லை. சூடு என்பதே அந்த நடுக்கம்தான். அவள் போட்ட திருத்தமே நடுக்கத்தைத் துளித்துளியாகப் பிடுங்கி, மொத்த உடம்பும் நகர்வதற்குக் கொடுத்திருந்தது. கூட்டிப் பார்த்தால் வேகம் சரி. அதனால் வரைபடம் வாய் திறக்கவில்லை. பந்திக்கு வடித்த சோறு அளவாகத்தான் இருந்தது, ஆனால் ஒருத்தனே உட்கார்ந்து தின்றிருக்கிறான்!

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. யாரும் பார்க்கவில்லை, திரையில் ஓடும் படத்தை மூடினால் தீர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உலகத்தில் குறைச்சலா என்ன? அவள் அந்த ரகம் இல்லை. கையைக்கூடக் கழுவாமல் மாடியேறினாள்.

"மேடம், வெளியிட வேண்டாம். தப்பு இருக்கு. என் தப்புதான்."

"வெப்பநிலை சரியா இருக்கே?"

"மொத்தம்தான் சரி. உள்ளே உறைஞ்சு கிடக்கு. இதை நம்பி யாராவது மருந்து தேடினா, அவங்க உழைப்பெல்லாம் வீண்."

"சரிபண்ணிட்டா?"

"வேகம் பாதிக்கு மேல அடிபடும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உங்க வேலை விஷயம்..."

"தெரியும் மேடம்."

திருத்தி எழுதப் பல மாதம் பிடித்தது. கட்டுரை வந்தது, முதல் பக்கத்திலேயே அந்தத் தவறும் வந்தது, அவளே எழுதினாள். வேலைக்கு இன்னொரு வருட ஒப்பந்தம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்ட மாலை, அழைத்துப்போக வந்த கணவர் அவள் மேசையருகே நின்றார்.

"நிரந்தரம்?"

"போச்சுங்க."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கிற?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நடுங்குது பாருங்க."