டெண்டர் தாளில் ஒரு சுழி

டெண்டர் எழுதுவது என்றால் விலையைப் போட்டு உறையை ஒட்டுவது என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள். திருவிதாங்கூர் நாணயமான சக்கரமும் காசும் புழங்கிய காலத்தில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் நான் எழுத்துவேலை பார்த்தேன். ஆனி பிறந்தாலே எனக்கு அந்தத் தலைவலி வந்துவிடும். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அரிசி, பருப்பு, வற்றல் மிளகாய், தேங்காயெண்ணெய் எல்லாம் ஒரு வருஷத்துக்குக் கொடுக்க அப்போதுதான் டெண்டர் கூப்பிடுவார்கள். நோட்டீஸ் முழுக்க நிபந்தனைகள். சரக்கின் சாம்பிளைச் சின்னப் பையில் கட்டி அரக்கு வைக்க வேண்டும். கஜானாவில் முன்பணம் கட்டிய ரசீது வேண்டும். தாளில் அடித்தல் திருத்தல் கூடாது. கேட்ட விபரம் தவிர வேறு எந்தக் குறியும் கூடாது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பவர்கள்கூட இத்தனை கேட்க மாட்டார்கள்.

என் முதலாளிக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் விலை போடுவதில் எமகாதகர். நாஞ்சில்நாட்டிலிருந்து நெல் கொண்டு வரும் வண்டிக்காரர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தே அடுத்த ஆறு மாதத்து அரிசி நிலவரத்தைக் கறந்துவிடுவார். மழைக்காலத்தில் காய்ச்சல்காரர்கள் கூடுவார்கள், கஞ்சி அதிகம் போகும், ஆகவே அரிசியில் ஏமாறக் கூடாது. டாக்டர்மார் நோயாளிக்குக் காரம் கொடுக்க மாட்டார்கள், ஆகவே மிளகாயை அடிமாட்டு விலைக்குப் போட்டாலும் கை நஷ்டம் இல்லை. இப்படி வாயாலேயே கணக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு விலையைச் சொல்வார். அதைத் தாளில் இங்கிலீஷில் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தத் திமிரும் எனக்கு நிறைய இருந்தது.

முந்தின இரண்டு வருஷமும் அந்த டெண்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாகர்கோவில்காரர் ஒருவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த வருஷமும் போனால் இங்கிலீஷ் எழுத்துக்குத் தனியாக ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று முதலாளி என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். நானோ கரமனையில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து வைத்திருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம், மனைவி தென்காசியில் அவள் அப்பா வீட்டில். ஆவணி பிறந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று நான் எழுதியது அதற்குள் மூன்றாவது தடவை. மாமனார் பதில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். இந்த டெண்டரில்தான் என் குடித்தனமே தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பொட்டு மை சிந்தாமல் தாளை எழுதி முடித்துக் காட்டினேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"என்னவே, தலைப்புல சுழியக் காணோம்?"

இது சர்க்கார் அச்சடித்த தாள், பிள்ளையார் சுழி எல்லாம் போடக் கூடாது, வேறு குறி இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்றேன். சுழி போடாமல் ஒரு காகிதம்கூட இந்தக் கடையை விட்டுப் போகக் கூடாது என்றார் அவர். போன இரண்டு தடவையும் எழுதியவன் யார், சுழி போட்டிருந்தானா என்று வேறு கேட்டார். எழுதியவன் நான்தான், போடவில்லைதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விநாயகருக்கு இங்கிலீஷ் நிபந்தனை எல்லாம் தெரியும், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். மனுஷர் அடங்கிவிட்டார் என்று நான் நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் தப்பு.

மறுநாள் காலையில் கஜானா ரசீதை வாங்கிக்கொண்டு வந்தபோது தாள் மடித்து உறைக்குள் தயாராக இருந்தது. நான் எழுதியதை நானே மறுபடி பார்ப்பதா? அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி டெண்டர் பெட்டியில் போட்டுவிட்டும் வந்தேன்.

டெண்டர் பிரித்த அன்று ஆஸ்பத்திரி ஆபீசில் நானும் முதலாளியும் ஒரு பெஞ்சில், நாகர்கோவில்காரர் எதிர்ப் பெஞ்சில். மேஜைக்குப் பின்னால் சூப்பிரண்டு. அவர் மலையாளத்து டாக்டர், வழவழா கொழகொழா கிடையாது. பக்கத்தில் ஹெட்கிளார்க், கோட்டைக்குள் அக்கிரஹாரத்துத் தமிழர். உறையைப் பிரித்து விலையை வாசிக்க ஒரு குமாஸ்தா. அவர் முதலில் நாகர்கோவில்காரருடையதைப் பிரித்தார். அரிசி மூட்டைக்கு ஏழே கால் ரூபாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாங்கள் போட்டிருந்தது ஏழு. அரிசி யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கே மற்றதெல்லாம் என்பது அங்கே வழக்கம்.

குமாஸ்தா எங்கள் தாளைப் பிரித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு வாசித்தார்: அரிசி, மூட்டைக்கு இருபத்தேழு ரூபாய்.

யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து ஓடிப் போய்த் தாளைப் பார்த்தேன். என் அழகான ஏழுக்கு முன்னால், அதே மையில், கொழுக் கொழுக்கென்று ஓர் 'உ'. தாளின் தலைப்பில் அச்சு நிறைந்து கிடந்ததால், விலைக் கட்டத்தில் இருந்த வெற்றிடத்தில் முதலாளி சுழியைப் போட்டிருக்கிறார். தமிழ்க் கணக்கில் இரண்டு என்பதும் அதே உருவம்தான். மலையாளத்து இரண்டும் ஏறக்குறைய அதே ஜாடை. பழைய கணக்கு பார்த்துப் பழகிய குமாஸ்தா கண்ணுக்கு அது இரண்டாகத்தானே தெரியும்! விலையை எழுத்தாலும் எழுத வேண்டும் என்ற கட்டம் அப்போது தாளில் கிடையாது. அது மறுவருஷம் வந்தது, எங்கள் புண்ணியத்தில்.

முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையாரே குரங்கு வேலை பண்ணிவிட்டார்.

ஹெட்கிளார்க் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு இல்லை சார், பிள்ளையார் சுழியாக்கும்" என்றார். நாகர்கோவில்காரர் விடுவாரா? சுழியோ கிழியோ எனக்குத் தெரியாது, இருபத்தேழு என்று கிடக்கிறது, அதைத்தான் வாசித்தார்கள் என்று பிடித்துக்கொண்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் பலமாகக் கத்தியிருப்பேன்.

சூப்பிரண்டு தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். இருபத்தேழு ரூபாய்க்கு எந்தப் பைத்தியமும் அரிசி விற்க வராது, ஒரு குறிக்காகத் தாளைத் தள்ளப் போவதும் இல்லை, ஆனால் ரிக்கார்டுக்கு ஒன்று வேண்டும் என்றார். அந்தக் குறிக்கு மதிப்பு எதுவும் இல்லை என்று கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏழு என்றே எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் தனக்குத் தெரிந்த பாஷையிலேயே எழுதட்டும், ஹெட்கிளார்க் இங்கிலீஷாக்கிக்கொள்வார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேற்படி குறிக்கு மதிப்பு எதுவும் கிடையாது என்று ஒரே வரியில் தமிழில் எழுதி முதலாளி முன் நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். பேனாவை எடுத்தார். கீழே வைத்துவிட்டார்.

"பிள்ளையாருக்கு மதிப்பு இல்லன்னு நான் எழுதிக் குடுக்கணுமா? கண்ட்ராக்ட் போனாப் போட்டும் வே. வாரும், போவோம்."

எழுந்தேவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது, அழுகையும் வந்தது. கரமனை வீடும், அதில் வாங்கி வைத்த புது மண்ணெண்ணெய் விளக்கும் கண்ணுக்கு முன்னால் வந்தன. நாகர்கோவில்காரர் குடையைக் கையில் எடுத்து, வெற்றியோடு மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு தாள் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினேன். எழுதினேன்: மேற்படி குறி விலைமதிப்பில்லாதது.

முதலாளி வாசித்தார். இரண்டாம் தடவை வாசித்தார். உட்கார்ந்து, தாராளமாகக் கையெழுத்துப் போட்டார்.

தாள் ஹெட்கிளார்க்கிடம் போனது. அவர் படித்துவிட்டு என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பேனாக் கட்டையால் மூக்கைச் சொறிந்தார். பிறகு குறிக்கு விலை மதிப்பு இல்லை என்று எழுதியிருப்பதாக சூப்பிரண்டிடம் இங்கிலீஷில் சொல்லி, அப்படியே எழுதியும் வைத்தார். நாகர்கோவில்காரரும் எட்டி வாசித்தார். அவரும் தமிழர்தானே, சட்டென்று வாயைத் திறந்தார். "என்ன, அதுல தப்பு இருக்கோ?" என்று ஹெட்கிளார்க் பதமாகக் கேட்டார். ஆபீஸ் நடுவில் நின்றுகொண்டு பிள்ளையார் விலைமதிப்பில்லாதவர் அல்ல என்று எந்த மனுஷன் வாதாடுவான்? அவர் குடையோடு எழுந்து போய்விட்டார். அரிசி எங்களுக்கு வந்தது, அதன் பின்னாலேயே மற்றவையும் வந்தன.

வெளியே மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் இறக்கத்தில் முதலாளி முன்னால் நடந்தார். பாராட்டப் போகிறார், சம்பளத்தில்கூட ஏதாவது சொல்வார் என்று நான் காத்துக்கொண்டே பின்னால் போனேன். பாதி வழியில் நின்று திரும்பினார்.

"அவாளுக்கு ஒரு அர்த்தம், எனக்கு ஒரு அர்த்தம். நல்லாத்தான் எழுதினீரு. எங்கிட்டயும் இப்படித்தான் பேசிட்டு இருக்கீரோ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இல்லை அண்ணாச்சி என்று சொல்ல வாய் வந்தது, அந்த 'இல்லை'யையும் அவர் இரண்டு தடவை வாசிப்பார் என்று பட்டது, சொல்லவில்லை. அதற்குப் பின் பதினொரு வருஷம் அவரிடம் இருந்தேன். நான் எழுதிக் கொடுத்த எந்தத் தாளிலும் அவர் ஒரே வாசிப்பில் கையெழுத்துப் போட்டதில்லை.

அன்று மத்தியானமே தபாலாபீசுக்குப் போய்த் தென்காசிக்கு ஒரு கார்டு போட்டேன். ஆவணி முதல் வாரம் வண்டி ஏறலாம் என்று எழுதிவிட்டு, பெட்டியில் போடுமுன் நானும் அதை இரண்டு தடவை வாசித்தேன்.