ஹாஜியார் கேட்ட முடிவு

போன வெள்ளிக்கிழமை எங்கள் உதைபந்தாட்டக் கிளப் மறுபடியும் தோற்றது. சும்மா தோல்வி இல்லை. ஒலுவில் ஊர்ப் பொடியன்கள் வந்து, எங்கள் கடற்கரை மைதானத்திலேயே, எங்கள் சனத்துக்கு முன்னாலேயே நான்கு கோல் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

என்னோடு மெச் பார்க்க வந்த கொழும்பு நண்பர் கேட்டார். "இனிக் கோச்ச மாத்திடுவீங்கதானே?"

மாற்றுவதா? எங்கள் மாஸ்டரையா? அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். நம்பவில்லை. நீங்களாவது நம்புகிறீர்களா பார்ப்போம்...

சாய்ந்தமருதுப் பக்கம் எங்கள் கிளப். பெயர் வேண்டாம் — ஏற்கெனவே போதுமான அளவு பெயர் கெட்டிருக்கிறது. சூறாவளியில் விழுந்த தென்னைகளை நட்டுத்தான் கோல் போஸ்ட் செய்தோம். சட்டம் ஒன்றே ஒன்று: ஜேர்சியும் பந்தும் யார் வாங்கித் தருகிறாரோ, அவரே தலைவர். தலைவர் மாறினால் கோச்சும் மாறுவார், ஜேர்சியின் நிறமும் மாறும். பலகை விற்கும் மரக்காலை முதலாளி காலத்தில் சிவப்பு. புடைவைக்கடைக்காரர் காலத்தில் மறுபடி ஒரு சிவப்பு, கொஞ்சம் வெளிறியது. பிறகு அரிசி மில் ஹாஜியார் வந்தார் — பச்சை.

பச்சை போட்டு ஆடிய முதல் மெச்சில் எதிர் டீம் சிவப்பு. எங்கள் பொடியன் ஒருவன் அழகாக ஒரு பாஸ் கொடுத்தான்... சிவப்புக்கு! பழக்கதோஷம். அவர்கள் வாங்கிக் கோல் அடித்தார்கள். இந்த லட்சணத்தில் எந்தக் கோச்தான் என்ன செய்வார்?

ஹாஜியார் கூட்டிவந்த கோச் ஆதம்பாவா மாஸ்டர். பள்ளிக்கூட ஆசிரியர். அதிகம் கதைக்க மாட்டார். தோற்றால் பொடியன்களோடு மணலில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்பார். அவர்கள் அவருக்காக உயிரையே விடுவார்கள். கோல் மட்டும் அடிக்க மாட்டார்கள்!

தோல்விக்கு மேல் தோல்வி. ஹாஜியாருக்குச் சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மத்ரசா மண்டபத்தில் மாஸ்டரை மாற்றக் கூட்டம் போட்டார். நானும் கொமிட்டியில் இருந்தேன். மாஸ்டர் போனால் பொடியன்கள் அவர் பின்னாலேயே போய்விடுவார்கள். போகாவிட்டால் ஹாஜியார் போவார், பந்தோடு. எப்படிப் பார்த்தாலும் கிளப்புக்கு மூடுவிழாதான். மாஸ்டர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைமை வகித்தவர் பள்ளிவாசல் நிர்வாகி உதுமாலெவ்வை மரைக்கார். காது கொஞ்சம் மந்தம். தூக்கமும் கொஞ்சம்.

ஹாஜியார் எழும்பினார். "இந்தா பாருங்க, பந்தும் என்ட, ஜேர்சியும் என்ட. மாஸ்டர் இரிக்கிற எண்டா நான் இல்ல. இண்டைக்கு எனக்கு முடிவு வேணும்!"

மரைக்கார் காதில் கையை வைத்தார். "என்ன ஹாஜியார்?"

"முடிவு! முடிவு!" ஹாஜியார் கத்தினார். "மாஸ்டர் போகோணும் எண்டவங்க கைய உசத்துங்க!"

மரைக்காருக்குக் கேட்டது முதல் சொல் மட்டும்தான். ஓ, கூட்டம் முடிவா! நிம்மதியாகத் தொப்பியைச் சரிசெய்தார். "அல்ஹம்துலில்லாஹ்... அப்ப எல்லாரும் ஸலவாத்து சொல்லுங்க!"

மண்டபம் முழுக்க ஒரே குரலில் சொன்னது. ஹாஜியாரும்தான்! பாதி உயர்ந்த கை முகத்தைத் தடவிக்கொண்டு கீழே இறங்கியது. கலியாணப் பேச்சோ காணிச் சண்டையோ, நபியவர்கள் மீது வாழ்த்தாக ஸலவாத்துச் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் கூட்டம் கலைந்தது. பிறகு எவரும் அதைக் கிளற மாட்டார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னர் கொதித்துக்கொண்டிருந்த சனம், அமைதியாக எழும்பிச் செருப்புத் தேடப் போனது. சுப்ஹானல்லாஹ்!

வாசலில் ஹாஜியாரிடம் மெல்லக் கேட்டேன். "அப்ப இன்னொரு கூட்டம் போடுவமா?"

முறைத்தார். "என்ன மனிசன் நீ? நானும் ஸலவாத்துச் சொல்லிப்போட்டன். இனி என்னத்தக் கதைக்கிற?"

மறுநாள் பின்னேரம் அவரே பந்தைக் கொண்டுவந்து மாஸ்டர் கையில் கொடுத்தார். மாஸ்டர் பந்தை நடுவில் வைத்தார். விசிலை ஊதினார்.

பிறகு? கப் கப்பாகக் குவிந்தது என்று எழுதினால் அல்லாஹ் கேட்பான். மெல்ல மெல்லத்தான் வெல்லத் தொடங்கினோம். ஆனால் அதே தலைவர், அதே மாஸ்டர், அதே பச்சை. பாஸ் எங்கள் ஆளுக்கே போனது! ஒரு கிளப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? புத்திசாலிகள் நாங்கள் கூடிக்கூடிப் பேசியும் செய்யமுடியாத வேலையை ஒரு மந்தக் காது செய்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு அந்த ஆச்சரியம் அடங்கவில்லை.

சரி, போன வெள்ளிக்கு வருவோம். மஃரிபு தொழுகைக்குப் பிறகு அதே மண்டபத்தில் கூடினோம். கொழும்பு நண்பரும் பக்கத்தில். மரைக்கார் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார், தலைமைக் கதிரையில் இப்போது ஹாஜியார். யாரும் கேட்காமலே மாஸ்டர் எழும்பினார். கண் கலங்கியிருந்தது.

"தோத்ததுக்கு நான்தான் பொறுப்பு. வேற ஒராள் வந்தா நல்லம். நான் ஒரு முடிவு எடுத்திரிக்கன்..."

யன்னலுக்கு வெளியே நின்ற பொடியன்களில் ஒருவன் அழவே தொடங்கிவிட்டான்.

ஹாஜியார் துள்ளி எழும்பினார். "என்ன, முடிவா? எல்லாரும் ஸலவாத்து சொல்லுங்க!"

சொன்னோம். கூரை அதிரச் சொன்னோம். நம்பாத கொழும்பு நண்பரும் சொன்னார்.

மாஸ்டர் இனி எங்கே போவார்? அவரும்தான் சொல்லிவிட்டாரே!